சக்கரம் வைத்த வீட்டுக்குக் கரண்ட்

மங்களூர் துறைமுகம்
29.1.2024

சத்யா அறிவது,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் அண்ணி கோவிந்தம்மா தன் போனை உன்னிடம் கொடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் படகு ஆடுகிறது என்று வைத்துக்கொள்.

பொங்கலுக்கு வந்தபோது ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னேன். நம் வீட்டை ஒட்டி ஏரிக்கரையில் சும்மா கிடக்கும் நைனாவின் மனையில் ஊருக்கு ஒரு வலைக்கூடம் கட்டிக்கொள்ளலாம் என்றேன். எத்தனை காலம்தான் வெயிலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபார்ப்பது? எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் தினகரன் என் தோளில் துண்டு போட்டார். நைனா போன பிறகு சுப்பராயலு மகன் என்று என்னைத் தலைநிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் மங்களூர் வந்து சேர்ந்து வலையைக்கூட இறக்கவில்லை. அதற்குள் நீ டிராக்டர் வைத்து ஒரு இரும்புக் கூண்டை இழுத்து வந்து அதே மனையில் நிறுத்தி, உள்ளே பாயும் போட்டுப் படுத்துவிட்டாயாம். சாலை போடுகிற கூலியாட்கள் தங்கும் வண்டி அது. அதிலா சுப்பராயலு மகள் குடியிருப்பது? புருஷனை விட்டு வந்தாய், சரி. தடா பக்கத்து கம்பெனியில் வேலை போயிற்று, அதுவும் சரி. நம் வீட்டில் ஒரு அறை இல்லையா? கோவிந்தம்மா உனக்குச் சோறு போடமாட்டாளா?

கரண்ட் இணைப்புக்கு என் கையெழுத்து வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னாள். போட மாட்டேன். வீட்டிலிருந்து வயர் இழுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். இருட்டில் நாலு நாள் கொசுக்கடி பட்டால் புத்தி வரும். அடுத்த மாசத்துக்குள் கூண்டை எடுத்துவிடு.

இப்படிக்கு,
அண்ணன் தருமலிங்கம்


நண்டுமேட்டுக்குப்பம்
6.2.2024

அண்ணா,

கடிதம் வந்தது. நல்ல வேளை எழுதினாய். போனில் நீ கத்துவாய், நான் அழுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இனிமேல் இப்படியே பேசலாம்.

அறை இல்லையா என்று கேட்கிறாய். இருக்கிறது. அதில் நான் படுத்தால் நாளைக்கே "நாத்தனா வந்து குந்திக்கினா"ன்னு அண்ணியை ஊர் கேட்கும். நான் உன் வீட்டுக்கு வரவில்லை அண்ணா. என் வீட்டோடு வந்திருக்கிறேன்.

எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஒரு பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்தது இந்த டிரெய்லர். நான்கு சக்கரம், தகர மேல்கூரை, இரண்டு ஜன்னல், ஒரு கதவு. ஏரிக்கரையில் காங்கிரீட் வீடு கட்ட அனுமதி வாங்குவதற்குள் எனக்கு நரைத்துவிடும். சக்கரம் வைத்ததை யாரும் கட்டடம் என்று சொல்ல முடியாது.

மனை உன்னுடையது என்று எப்படிச் சொன்னாய்? பட்டா இன்னும் நைனா பெயரில்தான் இருக்கிறது. பொன்னேரி தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் இரண்டு பெயர் இருக்கிறது. தருமலிங்கம், சத்யா. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று பாடு பிரிக்கும்போது பெண்ணுக்குப் பங்கு வைக்க மாட்டீர்கள். அது ஊர்க் கட்டுப்பாடு. மண்ணில் பங்கு வைத்தது சட்டம். அதைத் தலைவர் துண்டால் மூட முடியாது. ஊருக்குக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றாயே, தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், அவளையும் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்று ஏன் உன் வாயில் வரவில்லை?

இருட்டைக் காட்டிப் பயமுறுத்தாதே. நான் பதினோரு வருஷம் இன்வெர்ட்டர் கம்பெனியில் சோதனைப் பிரிவில் நின்றவள். கம்பெனி மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்ததும், நான் சேர்த்து வாங்கியதுமாகச் சாமான் எல்லாம் வந்துவிட்டது. கூரை மேல் நானூறு வாட்ஸ் பேனல் இரண்டு. ஒரு லித்தியம் பேட்டரி. மிக்ஸிக்கும் சால்டரிங் அயர்னுக்கும் ஒரு சின்ன இன்வெர்ட்டர். மற்றபடி ஃபேன், லைட், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் நேராக இருபத்துநாலு வோல்ட்டில் ஓடும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட் ஆகிறது. இரண்டு நாள் வெயில் முகம் காட்டாவிட்டாலும் பேட்டரி தாங்கும். பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, ஃபியூஸ் பெட்டியைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறேன்.

உன் கையெழுத்து இதில் எந்த இடத்திலும் தேவைப்படவில்லை.

சத்யா


மங்களூர் துறைமுகம்
14.2.2024

சத்யா அறிவது,

சட்டம் பேசுகிறாய். பேசு. எனக்கும் பேச ஒன்று இருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு நகை போட நைனா தன் ஃபைபர் படகை விற்றாரே, ஞாபகம் இருக்கிறதா? என்ஜினோடு விற்றார். அந்தப் படகு எனக்கு வரவேண்டியது. அது இருந்திருந்தால் நான் எவனோ முதலாளியின் விசைப்படகை ஓட்டிக்கொண்டு, மொழி தெரியாத ஊரில், பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்காமல் கிடப்பேனா? உன் பங்கை நீ கழுத்தில் மாட்டிக்கொண்டு அன்றைக்கே போய்விட்டாய். மிச்சம் இருப்பது மண். அது என்னுடையது. இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

அடுத்தது, கட்டிலுக்கு அடியில் பேட்டரியா வைப்பாய்? கம்பெனியில் சோதனை மேஜையில் வைத்துப் பார்த்தாய். நான் கடலில் பார்த்திருக்கிறேன். போன வருஷம் பக்கத்துப் படகில் கவியரசன் என்று ஒரு பையன். நாகப்பட்டினத்துக்காரன். பேட்டரியிலிருந்து வரும் தடி வயர் ஒரு இரும்பு முனையில் உரசி உரசித் தோல் தேய்ந்துவிட்டது. ஃபியூஸ் எங்கேயோ தூரத்தில் ஸ்டீயரிங் பக்கம் இருந்தது. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் தீப்பிடித்தால் ஃபியூஸ் என்ன செய்யும்? வேடிக்கைதான் பார்க்கும். அணைக்கப் போனவனுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. இன்னும் விரல் மடங்காது.

பேட்டரியை வெளியே, வண்டியை இழுக்கும் கொக்கிப் பக்கம் தனிப் பெட்டி செய்து வை. நிழல் வேண்டும், காற்று வேண்டும். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும், சாண் தூரம்கூட ஆகாது. உப்புக்காற்றில் வெறும் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். ஈயம் பூசியது வாங்கு. லித்தியம் கித்தியம் எல்லாம் வேண்டாம், படகில் போடுகிற சாதா பேட்டரியே போதும்.

சொல்லிவிட்டேன். ஆனால் இதெல்லாம் செய்யத் தேவை வராது. வண்டியை எடுக்கத்தான் போகிறாய்.

தருமலிங்கம்


நண்டுமேட்டுக்குப்பம்
26.2.2024

அண்ணா,

முதலில் படகு.

நான் கேட்டேனா? "சத்யா, உனக்குப் படகு வேணுமா, நகை வேணுமா?"ன்னு நைனாவோ நீயோ அத்தனை பேர் கூடியிருந்த வீட்டில் யாராவது என்னைக் கேட்டீர்களா? படகு என்று சொல்லியிருப்பேன். அந்த நகை ஒரு கிராம்கூட என்னிடம் இல்லை. நான் கட்டிய புடவையோடு வெளியே வந்த வீட்டில் அது இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு அந்நியனுக்குக் கொடுத்ததை என் கணக்கில் எழுதாதே. உனக்குப் படகு போன வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதைத் தின்றவள் நான் இல்லை.

அடுத்து பேட்டரி. வெளியே பெட்டி செய்துவிட்டேன். ஃபியூஸைப் பெட்டிக்குள்ளேயே பேட்டரி முனையில் மாட்டிவிட்டேன். எண்பது ஆம்பியர். நீ சொன்னது சரி, அதனால் செய்தேன். சரியானதை யார் சொன்னாலும் செய்வேன். சாதா பேட்டரி வேண்டும் என்றது சரியில்லை. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் செத்துப்போகும், தண்ணீர் ஊற்ற வேண்டும், நாலு பேர் தூக்க வேண்டும். அதனால் செய்யவில்லை. வீட்டில் போடும் சாதாரண சுவிட்சுகளை டி.சி. லைனில் போடாமல் டி.சி.க்கென்றே தனியாக வாங்கினேன். அதை நீ சொல்ல மறந்துவிட்டாய்.

பேனலைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து, புயல் என்றால் கழற்றி இறக்குகிற மாதிரி போல்ட் போட்டேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. நான் பாட்டுக்கு அதன் கீழே உட்கார்ந்துகொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. முப்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக யார் கட்டிய பில்லிலும் ஓடாத ஒரு ஃபேன்.

மறுநாள் காலையில் தலைவர் தினகரன் இன்னும் மூன்று பேரோடு வந்தார். நான் ஏணி மேல் நின்று பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சத்யா, யார்கிட்ட கரண்ட் இழுத்த?"

"யார்கிட்டயும் இழுக்கல தலைவரே."

"உனக்கு யாரும் கரண்ட் குடுக்கக் கூடாதுன்னு ஊர்ல தீர்மானம் போட்டுகீறோம். தெரியும்ல?"

"தெரியும். சூரியனையும் கூட்டத்துக்கு இட்டாந்து சொல்லிட்டீங்களா?"

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். தலைவர் அவரை முறைத்த முறைப்பில் அவர் சிரிப்பு இருமலாக மாறியது. "உங்கண்ணனுக்கு போன் போட்டுச் சொல்றேன்"ன்னார். "போடுங்க. நான்தான் அவன் போனை எடுக்கறதில்ல. நான் வண்டிய எடுக்கறதா இல்லைன்னு நீங்களே சொல்லிடுங்க"ன்னேன்.

நீயும் கேட்டுக்கொள். எடுப்பதாக இல்லை.

சத்யா


மங்களூர் துறைமுகம்
5.3.2024

சத்யா,

தலைவர் போன் செய்தார். நடுக்கடலில் சிக்னல் கிடைத்த அரை நிமிஷத்தில் அவர் பேசிய பேச்சைக் கேட்டு என் கூட இருந்த ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "தங்கச்சிய அடக்கத் தெரியாதவன் ஊருக்கு மனை குடுக்க வந்துட்டான்" என்கிறார். நான் கொடுத்த வார்த்தை இப்போது ஊர் முழுக்கச் சிரிப்பாகச் சிரிக்கிறது.

நீ ஒரு சொல் சொல்லிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிவிடுவாய். நான் அந்த ஊரில்தான் சாக வேண்டும். என்னைத் தூக்குவதற்கு அந்த நாலு பேர்தான் வர வேண்டும்.

எடுத்துவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். டிராக்டர் வைத்து இழுத்து ரோட்டோரம் விடுவார்கள். நீ தடுக்காதே. உன் மேல் கை படக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

தருமலிங்கம்


நண்டுமேட்டுக்குப்பம்
17.3.2024

அண்ணா,

உன் கடிதம் எனக்குக் கிடைத்தது சனிக்கிழமை. அவர்கள் வந்தது வெள்ளிக்கிழமை. தடுக்காதே என்று நீ எழுதியது தபாலில் வந்துகொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு நான் ஊரில் இல்லை. திருப்பாலைவனத்தில் ஒரு நெல் விவசாயி வீட்டு இன்வெர்ட்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் போவதைப் பார்த்துக்கொண்டுதான் டிராக்டரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ரோட்டோரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது என் வீடு. பால் கொட்டி, அரிசி கொட்டி, என் உள்பாவாடை கதவில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. போகிற வருகிற பைக்கெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு பேனல் கண்ணாடி முழுக்க விரிசல் விட்டிருந்தது.

கொக்கியில் சங்கிலி போட்டு இழுத்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலி பேட்டரிப் பெட்டியிலிருந்து உள்ளே போகும் தடி வயரை அறுத்து, அது வண்டியின் இரும்புச் சட்டத்தில் போய் ஒட்டியிருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஃபியூஸ் போயிருந்தது. போனதால்தான் வண்டி எரியவில்லை. நான் முதலில் போட்ட திட்டப்படி ஃபியூஸ் கதவுப் பக்கம் இருந்திருந்தால் அங்கே நான் பார்த்திருப்பது சாம்பல். டிராக்டரில் உட்கார்ந்திருந்தவனையும் சேர்த்து.

பெட்டியை வெளியே வைக்கச் சொன்னவனும் நீ. ஃபியூஸை ஒட்டி வைக்கச் சொன்னவனும் நீ. சங்கிலி கட்டச் சொன்னவனும் நீ. நான் உன்னை என்ன செய்ய?

நான் அழவில்லை. கொட்டிய அரிசியை அள்ளிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணி வந்தாள். அவள் கை முழுக்க மீன் செதில். பாதி மீனை ஆய்ந்தபடியே எழுந்து வந்திருக்கிறாள்.

"யார் இழுக்கச் சொன்னது?"ன்னா.

"உன் ஊட்டுக்காரன்தானாம். இழுத்தவங்களே சொல்லிட்டுப் போனாங்களாம்"ன்னேன்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "எங்கப்பன் செத்தப்போ என் தம்பிங்க மூணு பேரும் ஒரு வெத்துப் பத்திரத்த நீட்டி, கை நாட்டு வெய்யுக்கான்னானுங்க. வெச்சேன். இன்னா ஏதுன்னுகூட கேக்கல. அப்பால ஒருத்தனும் வாசப்படி மிதிக்கல" என்றாள். எனக்கு அண்ணியாக வந்து இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. உன்னிடம் சொல்லியிருக்கிறாளா?

அப்படியே திரும்பிப் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிஷம் கழித்து மீன் கூடைக்காரிகள், தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள், வலைக்காரன் பெண்டாட்டிகள் என்று ஒரு பட்டாளத்தோடு வந்தாள். படகைக் கரையேற்ற வைத்திருக்கும் உருளைக் கட்டைகளைத் தலையில் தூக்கி வந்தார்கள். பொன்னியம்மாள் அக்கா தன் வீட்டுக் கதவையே பெயர்த்துக் கொண்டுவந்து மணலில் போட்டாள், சக்கரம் புதையாமல் இருக்க. தலைவர் ஓடி வந்து, "இன்னாம்மா இது, ஊர்த் தீர்மானத்த மீறுறீங்க"ன்னு கத்தினார்.

"தீர்மானம் போட்டப்போ எங்கள கூப்ட்டீங்களா? கூப்டாத கூட்டத்து பேச்ச நாங்க எதுக்குக் கேக்கணும்? தள்ளுங்கடி!"ன்னா அண்ணி.

தள்ளினோம். ஆண்கள் படகு தள்ளும்போது போடுகிற சத்தத்தையே போட்டோம். டிராக்டர் இழுத்த தூரத்தை மனுஷக் கையால் தள்ளுவது லேசில்லை. என் இரண்டு உள்ளங்கையும் உரிந்துவிட்டது. ஆனால் வண்டி இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. முன்பைவிட நேராக நிற்கிறது.

அன்றைக்கு எனக்குச் சோறு பொங்கிப் போட்டது அண்ணிதான். நீ போன் செய்தால் எடுக்கப் போவதில்லை என்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

சத்யா


மங்களூர் துறைமுகம்
27.3.2024

சத்யா,

கோவிந்தம்மா போனை எடுக்கவில்லை. நிஜமாகவே எடுக்கவில்லை.

ரோட்டோரம் விடுங்கள் என்றுதான் சொன்னேன். சாமானைக் கொட்டச் சொல்லவில்லை. பேனலை உடைக்கச் சொல்லவில்லை. நீ எழுதியதைப் படித்தபோது கவியரசனின் விரல்கள்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. அன்று நீ உள்ளே படுத்திருந்து, நான் அந்த ஃபியூஸைப் பற்றி எழுதாமலும் விட்டிருந்தால்? வலையை இழுக்கும்போது மனசு அங்கேயே நின்றுவிட்டது. தப்பான நேரத்தில் கியரைப் போட்டுவிட்டேன். முதலாளி திட்டினான்.

கோவிந்தம்மாவின் தம்பிகள் பத்திரத்தில் கைநாட்டு வாங்கியது எனக்குத் தெரியாது. என்னிடம் அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

இத்துடன் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வைத்திருக்கிறேன். மின் இணைப்புக்குக் கொடுத்துவிடு. நீ அங்கேயே இருந்துகொள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தலைவரிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். இங்கே படகுச் சாமான் கடையில் ஈயம் பூசிய வயர் நல்லதாகக் கிடைத்தது. ஒரு கட்டு தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அறுந்ததை முடிச்சுப் போட்டு ஒட்டாதே. முழுசாக மாற்று.

கை எப்படி இருக்கிறது?

அண்ணன்


நண்டுமேட்டுக்குப்பம்
6.4.2024

அண்ணா,

கை ஆறிவிட்டது. வயரை வைத்துக்கொண்டேன். நல்ல வயர். மாற்றிவிட்டேன், வண்டி பழையபடி ஓடுகிறது. ஒரு பேனல்தான் இருக்கிறது என்பதால் மேகம் போட்டால் ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டுகிறேன்.

சம்மதக் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

கோபித்துக்கொள்ளாமல் முழுசாகப் படி. "நீ அங்கேயே இருந்துகொள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியால்தான் திருப்பி அனுப்புகிறேன். இருந்துகொள் என்று சொல்கிறவன் நாளைக்கு எழுந்துபோ என்றும் சொல்லலாம். போன மாசம் சொன்னாய். நீ நல்ல மனசோடு இருக்கும்போது ஒரு வீடு, கெட்ட மனசோடு இருக்கும்போது ரோட்டோரம் என்று என்னால் வாழ முடியாது. உன் மனசை நம்பி இருப்பதற்கு, கட்டியவன் வீட்டிலேயே இருந்திருப்பேன். அங்கேயும் சில நாள் நல்ல மனசு இருக்கத்தான் செய்தது.

எனக்குக் கரண்ட் இணைப்பு வேண்டாம். அது என்னிடம் இருக்கிறது. எனக்கு வேண்டியது பாகப்பிரிவினை. மனையை இரண்டாக அளந்து, ஒரு பாதிக்கு என் பெயரில் பட்டா. பொன்னேரி பதிவு அலுவலகத்தில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

ஊருக்கு வார்த்தை கொடுத்துவிட்டேன் என்கிறாய். காப்பாற்று. நான் குறுக்கே நிற்கவில்லை. உன் வார்த்தையை உன் பாதியிலிருந்து காப்பாற்று. வலைக்கூடம் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். என்னுடையதை எடுத்துக் கொடுத்து நீ வாங்கிய துண்டு அது. உன்னுடையதைக் கொடுத்து வாங்கினால் அது உனக்கே மரியாதையாக இருக்கும்.

மங்களூரில் ஜூன் மாசம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் நீ வருவாய். அதற்குள் முடிவு சொல்.

அண்ணி இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள். ஆனால் நீ அனுப்பிய பார்சலைப் பிரிக்கும்போது உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறதாமா என்று கேட்டாள்.

சத்யா


மங்களூர் துறைமுகம்
22.4.2024

சத்யா அறிவது,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை கடலுக்குப் போய் வந்துவிட்டேன். முதல் தடவை கிழித்துப் போட வேண்டும் என்று இருந்தது. இரண்டாம் தடவை வரும்போது வேறு ஒன்று தோன்றியது. நைனா படகை விற்றபோது என்னையும் யாரும் கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தை இத்தனை வருஷமாக உன் மேல் வைத்திருந்தேன். நைனா மேல் வைக்க முடியவில்லை. அவரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு இருக்கிறது. என்னைக் கேட்டுவிட்டாய்.

சரி. பிரித்துக்கொள்ளலாம். கசப்பாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கிழக்குப் பாதி, ஏரியை ஒட்டியது, வண்டி நிற்கிறதே அது, உனக்கு. வீட்டை ஒட்டியது எனக்கு. அதில் வலைக்கூடம் வரட்டும்.

தலைவரிடம் பேசினேன். நேற்று மட்டும் அரை மணி நேரம் கத்தினார். "பொம்பளைக்கு பயந்து பாதிய குடுத்துட்டியா"ன்னார். "பயந்து இல்ல தலைவரே, அது அவளுது"ன்னேன். சொல்வதற்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. சொன்ன பிறகு லேசாக இருந்தது.

அவர் கடைசியில் ஒன்று கேட்டார். கூடத்துக்குக் கரண்ட் இணைப்பு வர நாளாகுமாம். சாயங்காலம் வலை சரிபார்க்க லைட்டு வேண்டும். உன் வண்டியில் எரிகிற மாதிரி செய்து தருவாயா என்று உன்னிடம் நான் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். நான் கேட்க மாட்டேன், நீங்களே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் தருமலிங்கம்


நண்டுமேட்டுக்குப்பம்
9.5.2024

அண்ணா,

தலைவர் கேட்டார். முதலில் ஆள் அனுப்பிக் கேட்டார். "ஊர்க்கூட்டத்துல கூப்டு கேக்கச் சொல்லு, உக்காரப் பாய் போடச் சொல்லு"ன்னு திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் சத்தமே இல்லை. பிறகு நேற்று சாயங்காலம் கூப்பிட்டார்கள்.

நான் மட்டும் போகவில்லை. அண்ணி, பொன்னியம்மாள் அக்கா, அன்று வண்டி தள்ளிய எல்லோரும் வந்தார்கள். கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நகரவில்லை. பாய் ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தது. அண்ணியே போய் எடுத்து, நடுவில் விரித்து, "குந்து"ன்னா. உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "கூடத்துக்கு லைட்டு போட்டுத் தருவியாம்மா?"ன்னார்.

"போட்டுத் தரேன். ஆறு லைட்டு, ரெண்டு ஃபேனு. பேனலு ஊர் வாங்கணும். என் கூலிய ஊர் குடுக்கணும். அதுக்கு மின்னாடி ஒண்ணு. எனக்கு யாரும் கரண்ட் குடுக்கக் கூடாதுன்னு போட்ட தீர்மானத்த இந்த ஊர் நோட்டுலருந்து அடிக்கணும். நான் இங்க உக்காந்துகினு கீறப்பவே."

சலசலப்பு எழுந்தது. "இது இன்னா வழக்கம்"னு ஒரு பெரியவர் ஆரம்பித்தார். அண்ணி, "புது வழக்கம்"னா. அதோடு அவர் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை, வெறுமனே உதறினார். மறுபடி உதறினார். நான் என் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினேன். அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். நான் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உடைந்த பேனலுக்குப் பதில் புதுசு ஊர்ச் செலவில் என்று அப்போதே சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அன்று டிராக்டர் ஓட்டியவன் அம்மாதான் எழுந்து கேட்டாள்.

சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போய்விட்டார். கல் நட்டாயிற்று. ஜூன் பத்தாம் தேதி பொன்னேரி பதிவு அலுவலகத்தில் நமக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் கொண்டு வா. அண்ணியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். கைநாட்டு இல்லை. "கோவிந்தம்மா" என்று எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள். என் வண்டியில், என் லைட்டில், தினமும் சாயங்காலம்.

உன் நம்பரை இன்று பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கூப்பிடு, ஆனால் கத்தாதே.

வந்தால் நண்டுக் குழம்பு. வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். இரண்டுக்கும் சாமான் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
சத்யா சுப்பராயலு